தேடியும் அகப்படாத தமிழ்

(பழைய மாணவர் ஒருவர்)

விழா மலர் என்றவுடன் பழம்பெருமை பேசுதல் நம்மவர் வழக்கு. கட்டடங்கள் எழுந்த வரலாறும், அதிபர்கள் ஆற்றிய தொண்டும், விளையாட்டுக் களத்திற் பெற்ற வெற்றிகளும் இம்மலரில் தக்கோர் பலரால் எழுதப்பட்டிருக்கும். அவற்றை யான் மீளக் கூறப் புகவில்லை. இங்கு எடுத்துக்கொண்டது மிகச் சிறியதொரு பொருள். கணினித் திரையில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடுதலும், தேடிக் கண்ட சொல்லைச் சிதையாமல் தெரிந்தெடுத்தலும் பற்றியது அது. சிறிதென்று தோன்றும் இப்பொருளின்மேல் நம் கல்லூரியின் ஏடுகளும், மலைநாட்டு மக்களின் பெயர்களும், இன்றைய மாணவரின் கல்வியும் தங்கியுள்ளன என்பது என் துணிபு. அத்துணிபுக்குக் காரணங் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கருவியை அறிவோம். கணினி பெரும் அறைகளில் வீற்றிருந்த காலத்தில் அதனோடு உரையாடுதற்குத் தட்டச்சுப் பலகையும் திரையும் சேர்ந்த தனிப் பொறி ஒன்று இருந்தது. அதற்கு டெர்மினல் என்று பெயர்; தமிழில் முனையம் என்பர். அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1978 இல் வெளியிட்ட விடி 100 என்னும் முனையம் அவ்வகையிற் புகழ்பெற்றது. அதன் திரை 24 வரியும், வரிக்கு 80 அறையும் கொண்டது. ஓர் அறைக்கு ஓர் எழுத்து என்பது அதன் சட்டம். இன்று அப்பொறிகள் காட்சிச்சாலைக்குச் சென்றுவிட்டன. எனினும் அவற்றைப் போல் நடிக்கும் செயலிகள் ஒவ்வொரு கணினியிலும் உள்ளன. கரிய சாளரம் ஒன்று திறக்கும். அதிற் கட்டளை எழுதினால் விடை வரும். நூறு கோப்புகளில் ஒரு சொல்லை ஒரே கணத்தில் தேடவும், பதினாயிரம் வரிகளை ஒரே கட்டளையால் திருத்தவும் வல்லது இக்கரிய சாளரமே. யுனிக்ஸ் உலகில் 1973 முதல் வழங்கும் கிரெப் என்னும் தேடற் கட்டளை இன்றும் இச்சாளரத்தினூடாகவே பணிபுரிகின்றது.

இத்தகைய முனையச் செயலிகளுள் ஆர்எக்ஸ்விடி-யுனிகோட் என்பது ஒன்று. மார்க் லேமன் என்பார் ஆக்கி வளர்த்தது. இதன் சிறப்பு யாதெனில், செயலியின் உள்ளேயே பெர்ல் என்னும் நிரல்மொழி குடிகொண்டிருத்தல். லாரி வால் 1987 இல் வெளியிட்ட அம்மொழி சொற்களை அலசுதற்கென்றே பிறந்ததாகும். பயனாளர் தாமே சில வரி பெர்ல் எழுதி முனையத்தின் இயல்பை மாற்றிக்கொள்ளலாம். இரட்டைச் சொடுக்கினால் எந்த அளவு தெரிவு செய்யப்பட வேண்டும் என்பதை ஒரு துணைநிரல் முடிவு செய்கின்றது. திரையைக் கடந்து மேலே ஓடிவிட்ட வரிகளிற் சொற்கோலம் கொண்டு தேடுதற்கு மற்றொரு துணைநிரல் உண்டு. அதனை அழைத்தவுடன் வழக்கமான உள்ளீடும் வெளியீடும் நின்று, திரையின் அடியில் தேடுகோலம் எழுதுமிடம் தோன்றும். தெரிந்தெடுத்த பகுதியை வேறு வடிவிற்கு மாற்றும் பட்டியலை விரிக்கும் துணைநிரல் மூன்றாவது. இவையெல்லாம் மறைபொருள் அல்ல. செயலியுடன் வரும் சிறு சிறு கோப்புகள். எவரும் திறந்து வாசிக்கலாம், படியெடுக்கலாம், மாற்றலாம்.

இவ்வழியில் நம் அயல்நாட்டார் ஒருவரும் அரும்பணி ஆற்றியுள்ளார். மின்னூல் வாசிப்போர் நன்கறிந்த காலிபர் என்னும் செயலியை 2006 முதல் உருவாக்கி வரும் கோவித் கோயல் இந்தியாவைச் சேர்ந்தவர். அவரே கிட்டி என்னும் முனையச் செயலியையும் ஆக்கினார். பூனைக்குட்டி எனப் பொருள்படும் அப்பெயருக்கேற்ப அதன் துணைநிரல்களுக்குக் குட்டிகள் என்றே பெயரிட்டார். அவற்றுள் ஒன்று, திரையிலுள்ள சொற்களுக்கும் முகவரிகளுக்கும் அடையாள எழுத்திட்டு, சுட்டியைத் தொடாமல் விசையினாலேயே தெரிந்தெடுக்க உதவுவது. எதனைத் தெரிவுக்குரியதெனக் கொள்வது என்பதைப் பயனாளர் பைத்தன் மொழியில் ஒரு சிறு நிரலாக எழுதி அக்குட்டியிடம் கொடுக்கலாம். ஒருவர் கட்டிய வீட்டில் அறைச் சுவரை நாமே நகர்த்திக்கொள்ள இசைவு தந்திருப்பது போன்றது இது.

இங்கே நம் தமிழ் வருகின்றது. தமிழுக்கு எழுத்து 247 என்பது பாலபாடம் பயின்ற சிறுவனும் அறிவான். உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் ஆகிய முப்பதையே தொல்காப்பியம் முதலெழுத்தாகக் கொள்ளும். 1991 இல் வெளிவந்த யுனிகோட் முதற்பதிப்புத் தொட்டுக் கணினிக்குள் தமிழுக்கு வகுக்கப்பட்ட முறை இவ்விரண்டுமன்று. உயிர்களுக்கு இடமுண்டு. அகரமேறிய மெய்களுக்கு இடமுண்டு. கால், கொம்பு, விசிறி முதலிய குறிகளுக்கும் புள்ளிக்கும் தனித்தனி இடமுண்டு. ஆதலின் நம் ஊராகிய ‘கண்டி’ நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு ஐந்து குறியீடு. ‘பேராதனை’ நமக்கு நான்கெழுத்து, கணினிக்கு ஏழு. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992 இல் வகுத்த யுடிஎஃப்-8 முறையிலே தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாக எழுதப்படும். எனவே ‘பேராதனை’ சேமிப்பில் 21 பைட்டு ஆகின்றது. நான்கு, ஏழு, இருபத்தொன்று என்னும் இம்மூன்று எண்களில் எதனை எழுத்தென்று கொள்வது என்பதை அறியாத கருவி தமிழைத் தொடும்போதெல்லாம் தமிழ் சிதையும்.

தெரிந்தெடுத்தலை நோக்குக. அறைக்கு ஓரெழுத்து என்ற பழைய சட்டம் இன்றும் முனையத்தின் உள்ளே ஆட்சி செய்கின்றது. யுனிகோட் பட்டியலிற் புள்ளியானது இடங்கொள்ளாக் குறி. இகரக் குறி இடங்கொள்ளும் குறி. ஆனால் அதன் தமக்கையாகிய ஈகாரக் குறியோ இடங்கொள்ளாக் குறியாக வகுக்கப்பட்டுள்ளது. இதனால் பல செயலிகளில் ‘டி’ என்பது ஈரறை பெற, ‘டீ’ என்பது ஓரறையில் அடங்கும். குறிலுக்கு இரண்டும் நெடிலுக்கு ஒன்றும் என்னும் இம்மாத்திரைக் கணக்கை எந்த இலக்கண ஆசிரியரும் ஒப்பார். சுட்டியை இழுத்துச் சொல்லின் பாதியில் நிறுத்தினால் மெய் ஓரிடத்திலும் உயிர்க்குறி வேறோரிடத்திலும் அறுபடும். அறுபட்ட குறி ஒட்டிய இடத்தில் ஆளில்லாக் கொம்பாக நிற்கும்.

தேடுதலில் நிகழ்வது இதனினும் கொடிது. ஏனெனில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. ‘கொழும்பு’ என்னும் சொல்லின் முதலெழுத்தை இருவகையாக எழுதலாம். ககரத்தின் பின் ஒகரக் குறி ஒன்றினை இடுவது ஒரு வகை. ககரத்தின் பின் ஒற்றைக் கொம்பும் அதன்பின் காலும் இடுவது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றே. தாளில் அச்சிட்டாலும் ஒன்றே. கணினிக்கோ அவை வெவ்வேறு. ஒருவகையாற் பதிந்ததை மறுவகையால் தேடினால் ‘இல்லை’ என்றே விடை வரும். ‘ஔவை’ என்பதன் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சிடுவோர் பலர். தமிழ் எண்ணாகிய ‘௧’ என்பதற்கும் ககரத்திற்கும் கண் வேற்றுமை காணாது, கணினி காணும். கட்புலனாகா இணைப்புக் குறிகள் சொல்லின் நடுவே ஒட்டிக் கிடப்பதும் உண்டு. கண்டிக்கு அணித்தாயுள்ள இலங்காதிலக விகாரையின் பாறையில் 14ஆம் நூற்றாண்டிலே சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் பொறிக்கப்பட்டது. அதனை வாசிப்பது கண். கணினியிற் பொறித்ததைத் தேடுவதோ கண்ணன்று. கண்ணுக்கு நிறைவாயிருப்பது கருவிக்கு நிறைவாகாது என்பதை நாம் மறத்தலாகாது.

இலங்கையிலுள்ள நமக்கு மற்றுமொரு சிக்கல் உண்டு. யுனிகோட் பரவுமுன் நம் அச்சகங்களிலும் பாடசாலைகளிலும் ஆட்சி செய்தது பாமினி என்னும் எழுத்துரு. பரிசளிப்பு விழா அறிக்கையும் கோயில் திருவிழாத் துண்டுப் பிரசுரமும் கல்யாண அழைப்பிதழும் அதிலேயே எழுந்தன. அவ்வெழுத்துருவிலே திரையில் தோன்றுவது தமிழாயினும் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்து. எழுத்துருவை நீக்கிவிட்டால் எஞ்சுவது பொருளற்ற உரோம எழுத்துக் குவியல். அத்தகைய கோப்பில் ‘கல்லூரி’ என்று ஆயிரம் முறை எழுதியிருப்பினும் தேடினால் ஒருமுறையேனும் அகப்படாது. சென்ற தலைமுறையில் உழைத்து எழுதிய எத்தனையோ கோப்புகள் இவ்வாறு இருந்தும் இல்லாதனவாய்க் கிடக்கின்றன.

இவற்றுக்கு மருந்து உண்டா எனின், உண்டு. அதுவும் நம் கையெட்டும் தூரத்திலேயே உண்டு. பெர்ல் மொழியிலே பயனாளர் காணும் ஓரெழுத்து முழுமையையும் ஒன்றாகக் கொள்ளும் தேடுகுறி ஒன்று இருக்கின்றது. அதனைப் பயன்படுத்தினால் ‘பேராதனை’ பே, ரா, த, னை என நான்காகவே பிரியும். தெரிவுத் துணைநிரலில் அதனை அமைத்துவிட்டால் எழுத்தின் நடுவே அறுத்தல் ஒழியும். ஆர்எக்ஸ்விடி-யுனிகோட் தன் திரைக்கு ஏற்ப அறைக்கு ஒரு குறியாகச் சொற்களை மாற்றி வைத்துக்கொள்வது. அதனை மீட்டு இயல்பான சொல்லாகத் தரும் பணியையும் துணைநிரலுக்குத் தந்திருக்கின்றது. மீட்ட சொல்லை யுனிகோட் விதித்த ஒழுங்கான வடிவுக்குக் கொணர்ந்து, தேடும் சொல்லையும் அவ்வாறே செய்து, பின்னர் ஒப்பிட்டால் இருவகைக் ‘கொழும்பு’ம் ஒன்றாகும். இத்தனையும் சேர்ந்து நூறு வரிக்குள் அடங்கும் வேலை.

பைத்தன் மொழியில் எழுதுவோர் ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். சொல்லெழுத்து எனப் பைத்தனின் வழக்கமான தேடுநூல் கொள்ளும் வகுப்பிலே தமிழ்ப் புள்ளியும் உயிர்க்குறிகளும் அடங்கா. அதனாற் ‘கண்டி’ என்னும் சொல்லை அது ‘கண’ என்றும் ‘ட’ என்றும் இரு துண்டாக்கித் தரும். பெர்ல் மொழி இப்பிழையைச் செய்வதில்லை. பைத்தனில் தமிழுக்குரிய குறியீட்டு எல்லை முழுவதையும் சொல்லெழுத்தென நாமே வகுத்துக் கூறிவிட்டால் குறை தீரும். இதனை அறிந்த மாணவன் ஒரு வரியில் திருத்துவான். அறியாதவன் தமிழே கணினிக்கு ஒவ்வாதென்று கூறித் திரிவான்.

பாமினிக் கோப்புக்கும் வழியுண்டு. தெரிந்தெடுத்த பகுதியை வேறு வடிவிற்கு மாற்றும் பட்டியல் துணைநிரலைப் பற்றி மேலே கூறினேன். அப்பட்டியலில் ‘பாமினியிலிருந்து யுனிகோடு’ என ஒரு வரியை நாமே சேர்க்கலாம். பாமினியின் எழுத்துக்கு நிகரான தமிழெழுத்தைக் காட்டும் அட்டவணை ஒன்று வேண்டும். கொம்பு முன்னே நிற்பதனை மெய்யின் பின்னே நகர்த்தும் விதி ஒன்று வேண்டும். குழம்பிய உரோம எழுத்தைத் திரையில் தெரிந்தெடுத்து ஒரு சொடுக்குச் சொடுக்கினால் நல்ல தமிழாக மாறி வந்து நிற்கும். தட்டச்சுப் பலகை பயின்ற முதியவர் ஒருவரும் நிரல் பயின்ற மாணவன் ஒருவனும் சேர்ந்து அமர்ந்தாற் செய்யத்தக்க வேலை இது.

இனி, எழுத்தைக் கடந்து சொல்லுக்கு வருவோம். தமிழ்ச் சொல் நின்ற நிலையில் நில்லாது, புணரும். தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகை விகாரத்தை நன்னூல் வகுக்கின்றது. ‘மரம்’ என்று தேடுபவனுக்கு மரத்தையும், மரங்களும், மரவேரும் அகப்படா. ‘ஆறு’ என்று தேடினால் மகாவலி ஆற்றங்கரை வாராது. ‘கல்’ என்றால் கற்கள் வாரா. பள்ளியில் மனனஞ் செய்து பரீட்சை முடிந்ததும் மறந்துபோன புணர்ச்சி விதிகள் இங்கே உயிர்பெற்று எழுகின்றன. மகர ஈறு கெடுதலும், வல்லினம் வரின் இன மெல்லினமாகத் திரிதலும், வேற்றுமை உருபேற்குங்கால் அத்துச் சாரியை பெறுதலும் ஆகிய விதிகளைத் தேடுகோலமாக எழுதினால், ஒரு சொல்லைக் கேட்க அதன் சுற்றம் முழுவதும் வந்து நிற்கும். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் வகுத்த சூத்திரம் ஒன்று கணினிக்கு நேரே கட்டளையாவதைக் காணும் மாணவன் இலக்கணத்தை வெறுப்பானோ?

மறுபுறமும் ஒன்றுண்டு. ‘கண்டி’ என்று தேடினால் நம் நகரோடு கண்டிப்பும், கண்டித்தலும், கண்டிக்கத்தக்க செயலும் கூடவே வரும். ஆசிரியர் மாணவரைக் கண்டித்த செய்திகளும் கண்டியைப் பற்றிய செய்திகளும் கலந்து வருதல் கல்லூரி மலருக்குப் பொருத்தமே எனச் சிலர் நகைக்கலாம். எனினும் ஆராய்வோனுக்கு அது இடர். ‘கண்டியில்’, ‘கண்டிக்கு’, ‘கண்டியின்’ என்பன வேண்டும். ‘கண்டித்து’ என்பது வேண்டா எனக் கருவிக்குக் கூற அறிதல் வேண்டும். ‘கண்டிக்க’ என்பது வேண்டா, ‘கண்டிக்கு’ வேண்டும் என நுணுகிக் கூறவும் அறிதல் வேண்டும். இலங்கையிற் ‘கணனி’ என்றும் ‘கணினி’ என்றும் ஒரே பொருளை எழுதுகின்றோம். இரண்டையும் ஒருசேரத் தேட அறிதல் வேண்டும். ஆயத்தமாக விற்கப்படும் செயலியை ஆக்கியோன் நம் வழக்கை அறியான். அறிந்தவர் நாமே, ஆகலின் கூறவேண்டியவரும் நாமே.

பெயர்களை எண்ணுங்கால் இப்பொருள் விளையாட்டன்று என்பது விளங்கும். இராமசாமி என்றும் ராமசாமி என்றும், இலட்சுமி என்றும் லட்சுமி என்றும் லெட்சுமி என்றும் ஒருவர் பெயரே பலவாறு எழுதப்படுகின்றது. பிறப்புப் பதிவில் ஒன்றும், பாடசாலைப் பதிவில் வேறொன்றும், அடையாள அட்டையில் மற்றொன்றுமாகப் பெயர் திரிந்து நிற்கும் மக்கள் நம் மலைநாட்டிற் பலர். பிற இடங்களில் அது எழுத்துப் பிழை. இங்கே அது வாழ்க்கை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின்பின் தோட்டத் தொழிலாளர் பெருந்தொகையினர் நாடற்றவராயினர். 1964 இல் எழுந்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பேசலாமென விட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை அவ்வரலாறு நீண்டது. தன் தந்தையின் பெயர் ஒரு பட்டியலில் உண்டா இல்லையா என்பதனால் ஒரு குடும்பத்தின் நாடே மாறிய காலத்தை நம் பெற்றோர் கண்டனர். ஏடுகளெல்லாம் கணினிக்குள் செல்லும் இந்நாளில், தேடி அகப்படாத பெயர் இல்லாத பெயராகவே கொள்ளப்படும். ஓர் இகரம் முன்னே வரலாம், வராதும் இருக்கலாம் எனத் தேடுகோலத்தில் ஒரு குறி இட அறிந்தவன் ஒரு குடும்பத்தின் பதிவைக் கண்டெடுப்பான்.

நம் முன்னோர் இத்தகைய உழைப்புக்கு அஞ்சியவரல்லர். ஏட்டுச் சுவடிகளிற் புள்ளியிடும் வழக்கம் இல்லை. கொம்பின் குறிலும் நெடிலும் பேதமின்றி இருந்தன. அவற்றை வாசித்துப் பாடபேதம் ஒப்புநோக்கிப் பதிப்பித்தவர் நாவலர் பெருமான். அவர் வழிவந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையை அச்சேற்றினார். கடலுக்கப்பால் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பழந்தமிழ் இலக்கியச் சொற்கள் அனைத்தையும் அடைவு செய்து 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டனர். இன்று 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து நூல்களுக்கென 2005 இல் தோன்றிய நூலகம் திட்டமும் அத்தொண்டினைத் தொடர்கின்றன. படமாகப் பாதுகாத்தல் முதற்படி. எழுத்தாக மாற்றுதல் இரண்டாம் படி. தேடி எடுக்கத்தக்கதாகச் செய்தல் மூன்றாம் படி. இரண்டு படி ஏறியவர் மூன்றாவதிற் கால் வையாது நிற்றல் அழகன்று.

என் கருத்தை மறுப்போர் கூறுவனவற்றையும் எடுத்து நோக்குதல் முறை. முனையத்திலே தமிழ் நேராகத் தோன்றுவதில்லையே என்பது முதல் தடை. உண்மை. ஆர்எக்ஸ்விடி-யுனிகோடிற் கொம்பு மெய்க்கு முன் வந்து நில்லாது. அறையின் அகலம் ஒன்றேயாதலின் ‘ணௌ’ போன்ற அகன்ற எழுத்து எந்த முனையத்திலும் நெருக்குண்ணும். ஆயினும் எழுத்துக்களைக் கோத்து வடிவமைக்கும் ஆற்றல் கிட்டி முதலியவற்றில் உண்டு. ஜப்பானிலே உருவான எம்எல்டெர்ம் இந்திய எழுத்துக்களையும் கருத்திற் கொண்டே ஆக்கப்பட்டது. அன்றியும், தோற்றக் குறையைத் தீர்ப்பதும் இக்கருவிகளைத் திறந்து பார்ப்பவரால் ஆகவேண்டுவதே. அழகாய்த் தோன்றும் நாள்வரை தொடேன் என்பவன் கையால் அந்நாள் வாராது.

பெரு நிறுவனங்களின் தேடுபொறிகளும் செயற்கை நுண்ணறிவும் இருக்க, கரிய சாளரத்திற் கண்ணைக் கெடுப்பானேன் என்பது இரண்டாம் தடை. அவை பெரிதும் பயன்படுவன, யானும் பயன்படுத்துகின்றேன். ஆனால் அவை தேடுவது அவை அறிந்தவற்றுள். நம் அலமாரியிலுள்ள பழைய மலர்களும், வரவுப் பதிவேடுகளும், சங்கக் கூட்ட அறிக்கைகளும் அவற்றுக்கு எட்டா. எட்டவிடுதல் சிலவற்றிற்குத் தகவுமன்று. மாணவரின் பெயர்ப் பட்டியலைப் பிறர் கணினிக்கு அனுப்பாமல் நம் கணினியிலேயே தேடுதல் நன்று. மேலும், தேடி வந்த விடை ஏன் வந்தது, வாராதது ஏன் வரவில்லை எனக் கேட்டால், நாமே எழுதிய தேடுகோலம் விடை கூறும். பிறர் பொறி கூறாது.

பரீட்சைக்கு உதவாதே என்பது மூன்றாம் தடை. பெற்றோர் உள்ளத்தை யான் அறிவேன். அவர்கள் உழைத்த பணத்திற் பிள்ளைகள் படிக்கின்றனர். ஆனால் உயர்தர வகுப்பிலே தகவல் தொழில்நுட்பம் பயிலும் மாணவர் கற்பது பைத்தன். புணர்ச்சி விதி தமிழ்ப் பாடத்தில் உள்ளது. இரண்டும் ஒரே மேசையிற் சந்திப்பதால் இரண்டும் உறுதிப்படும். வட்டிக் கணக்கும் பகா எண் வரிசையும் எழுதிப் பழகுவதினும், தன் பாட்டன் பெயரைப் பழைய பதிவேட்டிற் கண்டெடுக்கும் நிரல் எழுதிப் பழகுதல் மாணவனுக்கு ஊக்கம் தரும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். துணைநிரல் என்பது நம் கணினியில் நம் உரிமை முழுவதையும் பெற்று இயங்குவது. எவரோ எழுதியதை வாசியாது சேர்த்துக்கொள்ளுதல் முன்பின் அறியாதார் கையில் வீட்டுத் திறவுகோலைக் கொடுப்பதற்கு ஒக்கும். ஆகலின் மாணவர் முதலிற் கற்கவேண்டுவது பிறர் நிரலை வாசிக்கும் பழக்கம். எழுதுதல் அதன்பின் தானே வரும். பழைய ஏடுகளைப் பெயர்த்தெழுதுவோர் மூலத்தின் எழுத்துவழக்கைத் திருத்திவிடாமல் இருந்தவாறே பதிதலும் வேண்டும். லெட்சுமி லெட்சுமியாகவே நிற்கட்டும். அவளைத் தேடிக் காணும் பொறுப்பு நிரலைச் சார்ந்தது.

ஆதலின் நம் பழைய மாணவர் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேன். முதலாவது, இதுவரை வெளிவந்த கல்லூரி மலர்களை யுனிகோடில் எழுத்தாகப் பதிவு செய்தல். பாமினியில் உள்ளவற்றை மாற்றியும், அதற்கு முற்பட்டவற்றை வாசித்துத் தட்டச்சிட்டும் இதனைச் செய்யலாம். இரண்டாவது, கணினி அறையிற் சில கணினிகளில் லினக்ஸை நிறுவி, மேற்கூறிய முனையங்களை மாணவர் கையிற் கொடுத்தல். இவை விலையின்றிக் கிடைப்பன. பழைய கணினியிலும் இயங்குவன. வேண்டுவது பணமன்று, நேரம். மூன்றாவது, தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் சேர்ந்து வாரத்தில் ஒருநாள் மாலை நடத்தும் வகுப்பு ஒன்று. முதற்பருவத்தில் எழுத்துச் சிதையாமல் தெரிந்தெடுத்தல், இரண்டாம் பருவத்தில் இருவகை எழுத்தையும் ஒன்றாகக் கண்டு தேடுதல், மூன்றாம் பருவத்தில் புணர்ச்சி விதியோடு தேடுதல் என அதனை வகுக்கலாம். பேராதனைப் பல்கலைக்கழகம் அயலிலேயே உள்ளது. அங்கே தமிழும் உண்டு, பொறியியலும் உண்டு. நம் பழைய மாணவர் இரு துறைகளிலும் பயின்றுள்ளனர். அவர்களுள் ஒரு சிலர் மாதம் ஒருமுறை மலையேறி வந்தாற் போதும்.

அங்ஙனம் எழுதப்படும் துணைநிரல்களை நம் கல்லூரிப் பெயரால் உலகுக்கு வெளியிடுதல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கும் மட்டக்களப்பில் இருப்பவருக்கும், சென்னையிலும் கோலாலம்பூரிலும் டொரண்டோவிலும் தமிழைத் தேடுவோர்க்கும் அவை ஒருங்கே பயன்படும். மார்க் லேமனும் கோவித் கோயலும் தாம் ஆக்கியதைத் திறந்து வைத்ததனாலன்றோ நாம் இன்று இவ்வாறு பேச முடிகின்றது. பெற்றதற்கு ஈடாகச் சிறிதேனும் கொடுத்தல் சான்றோர் நெறி.

பொருளிருந்தும் பூட்டின் திறவுகோல் அறியாதவன் வறியவனே. நம் முன்னோர் எழுதிவைத்தவை நம்மிடம் உள்ளன. அவற்றைத் திறக்கும் கருவிகளும் விலையின்றி நம் முன்னே உள்ளன. அக்கருவிக்கு நம் எழுத்தின் இயல்பையும் நம் பெயர்களின் வழக்கையும் கற்பிக்கும் வேலை ஒன்றே எஞ்சி நிற்கின்றது. அதனை நமக்காகப் பிறர் செய்வாரென எதிர்பார்த்தல் வீண். அடுத்த விழா மலர் வெளிவரும்போது, இம்மலரில் எழுதியோர் பெயரெல்லாம் தேடியவுடன் அகப்படுமாறு நம் மாணவர் செய்திருப்பாராயின், இவ்விழா கொண்டாடியதன் பயன் அதுவே.